புல்வெட்டியை எறியமுன் ஒருக்கால் காதைக் கொடுத்துக் கேளுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். இரண்டு கிழமைக்கு முன்னர் உங்கள் வாசகர் பக்கத்தில் ஓர் அன்பர் எழுதியிருந்த கடிதத்தை எங்கள் சனசமூக நிலையத்தில் வாய்விட்டு வாசித்தோம். வெளிநாட்டு உறவுகள் அனுப்பிய புல்லு வெட்டும் மிசின்கள் வன்னிக் கிராமங்களில் கொட்டிலுக்குள் துருப்பிடித்துக் கிடக்கின்றன, தேய்ந்த எஞ்சினைத் திருத்தக் காசு போடுவது விழலுக்கு இறைத்த நீர், புதிது வாங்குவதே புத்தி என்று எழுதியிருந்தார். (விழலும் ஒரு புல்லுத்தானே, அதை வெட்டவும் மிசின் வேணும் என்று பின்வாங்கிலில் இருந்து ஒருவர் சொல்லிச் சிரித்தார்.) துருப்பிடித்துக் கிடப்பது உண்மை. மற்றது எனக்குச் சரியாகப் படவில்லை. போன மார்கழியில் இதே கேள்விக்காக நாங்களும் மூன்று கூட்டம் கூடி மூன்றிலும் சண்டை பிடித்தவர்கள், அதனால் எழுதுகிறேன்.

எங்கள் ஊர் விசுவமடுப் பக்கம், பரந்தன் முல்லைத்தீவு வீதியிலிருந்து உள்ளே இறங்கும் கிரவல் ஒழுங்கையில் இருக்கிறது. நிலையத்தோடு ஒரு விளையாட்டுத் திடல், அதன் ஓரத்தில் முன்பள்ளி. ஐப்பசி மழை இரண்டு விழுந்தால் போதும், பத்து நாளில் புல்லு முழங்காலைத் தொடும். அதற்குள் புடையன் கிடந்தால் கண்ணுக்குத் தெரியாது, சின்னப்பிள்ளைகள் ஓடித்திரிகிற இடம். ஆகவே புல்லு வெட்டுவது எங்களுக்கு அழகுக்கான வேலை இல்லை. 2014 இல் ரொறன்ரோவில் இருக்கும் ஊரவர்கள் சேர்ந்து ஒரு மிசின் வாங்கித் தந்தார்கள். தள்ளிக்கொண்டு போகிற வகை, ஹொண்டா ஜிஎக்ஸ்வி 160 எஞ்சின், 163 சிசி, நாலு ஸ்ரோக். போன வருசம் அது நீலப் புகை கக்கத் தொடங்கியது. ஒயில் குடித்தது. பிள்ளைகள் கயிறு இழுத்து இழுத்துத் தோள் வலிக்க விட்டுவிட்டுப் போனார்கள்.

முதல் கூட்டத்தில் தலைவர் அண்ணை “எஞ்சின் செத்துப்போச்சு, கனடாவுக்கு எழுதுவம்” என்றார். செயலாளர் தோளில் மாட்டும் சின்ன மிசின் ஒன்று வாங்கினால் விலையும் குறைவு என்றார். நான் பொருளாளர். காசு என்னிடம் என்பதால் எதுவும் பேசாமல் கணக்குக் கொப்பியை வீட்டுக்குக் கொண்டுபோய் விட்டேன்.

பெற்றோல் வாங்கிய துண்டு முழுவதையும் அந்தக் கொப்பியில் ஒட்டி வைத்திருக்கிறோம். கூட்டிப் பார்த்தால் பத்து வருசத்தில் 390 லீற்றர். எங்கள் மிசின் மணிக்கு ஒரு லீற்றர் மட்டில் குடிக்கும், அப்படியென்றால் 400 மணித்தியாலம்கூட ஓடவில்லை. வெயில் காலத்தில் இங்கே புல்லே இல்லையே, வருசத்தில் நாலு மாதம்தான் அதற்கு வேலை. ஒழுங்காகப் பார்த்தால் இதைப்போலப் பல மடங்கு ஓடக்கூடிய எஞ்சின் 400 மணித்தியாலத்தில் சாகுமா? சாகடித்திருக்க வேண்டும். அதே கொப்பியைப் புரட்டினேன், எஞ்சின் ஒயில் வாங்கிய துண்டு மூன்றே மூன்று. 100 மணித்தியாலத்துக்கு ஒருக்கால் அல்லது ஆறு மாதத்துக்கு ஒருக்கால் ஒயில் மாற்று என்று கையேடு சொல்லுகிறது. அந்த எஞ்சினில் ஒயில் வடிகட்டியும் கிடையாது, அரை லீற்றருக்குச் சற்றுக் கூடின ஒயில்தான் உள்ளே இருக்கிற தூசி, கரி, இரும்புத்தூள் எல்லாவற்றையும் சுமக்க வேண்டும்.

அடுத்ததைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது, ஆனாலும் சொல்லுகிறேன், ஏனென்றால் நாங்கள் மட்டும் செய்த பிழை என்று நான் நினைக்கவில்லை. 2022 இல் பெற்றோல் 470 ரூபாவுக்கு ஏறி, வரிசையில் நாள்கணக்கில் நின்று, பிறகு எரிபொருள் பங்கீட்டுக்குக் கியூஆர் வந்த காலம் எல்லாருக்கும் ஞாபகம் இருக்கும். இலக்கத்தகடு இல்லாத மிசினுக்குப் பெற்றோல் எடுப்பது தனி அலைச்சல். மண்ணெண்ணெய் ஆவணி வரைக்கும் 87 ரூபா, கிடைத்தால். பொருளாதாரத் தடைக் காலத்தில் மோட்டார் சைக்கிளையே மண்ணெண்ணெயில் ஓட்டின சனம் நாங்கள், புல்லு மிசினுக்கா யோசிப்போம்? பாதிக்குப் பாதி கலந்து ஊற்றினார்கள். ஓடியது. மண்ணெண்ணெய்க்கென்றே செய்த இறைப்பு மிசின் வேறு மாதிரி, அதற்கு அமுக்கம் குறைவு, பெற்றோலில் பற்றவைத்துச் சூடானபின்தான் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவோம், நிறுத்தமுன் திரும்பப் பெற்றோலுக்கு வருவோம். பெற்றோல் எஞ்சினில் எரியாத மண்ணெண்ணெய் பிஸ்ரனைச் சுற்றியிருக்கும் றிங் வழியாகக் கீழே வடிந்து ஒயிலோடு கலக்கும். அந்த வருசம் செயலாளர் ஒயில் கம்பியை இழுத்துப் பார்த்துவிட்டு “மிசின் ஒயிலே குடிக்கேல்லை, மட்டம் கூடியிருக்கு” என்று சந்தோசப்பட்டது கூட்டக் குறிப்பிலேயே இருக்கிறது! ஊற்றாமலே ஒயில் கூடுமா என்று ஒருவருக்கும் தோன்றவில்லை. எனக்கும்தான்.

எனக்குத் தோன்றியிருக்க வேண்டும். என் அப்பா தொண்ணூறுகளில் தர்மபுரத்தில் இறைப்பு மிசின் திருத்தியவர், நான் பக்கத்தில் குப்பிவிளக்குப் பிடித்தவள். உதிரிப்பாகம் வராத காலம், ஒரு றிங் செற்றை எடுத்து எடுத்துப் பார்த்து இது இன்னும் ஒரு போகம் தாங்குமா தாங்காதா என்று அளந்து சொல்ல வேண்டிய தொழில் அது. 2009 இல் அவருடைய திருத்து வேலை ஆயுதங்கள் எல்லாம் வழியில் போய்விட்டன. பீலர் கேஜ் மட்டும் அம்மாவின் தையல் பெட்டிக்குள் தப்பி வந்தது, எப்படி அதற்குள் போனதென்று தெரியாது. மெல்லிய இரும்புத் தகடுகளை விசிறி மாதிரி அடுக்கியிருக்கும், ஒவ்வொன்றிலும் எத்தனை மில்லிமீற்றர் தடிப்பு என்று எழுதியிருக்கும். இரண்டாம் கூட்டத்துக்கு அதை எடுத்துக்கொண்டு போனேன். ஆம்பிளைகள் சிரித்தார்கள், சரி, சிரிக்கட்டும்.

அதற்கு இடையில் தலைவர் அண்ணை மிசினை நகரத்தில் ஒரு கராஜுக்குக் கொண்டுபோயிருந்தார். அங்கே இருந்தவர் கயிற்றை ஒரே ஒரு தரம் இழுத்துப் பார்த்துவிட்டு “அமுக்கமே இல்லை, எஞ்சின் முடிஞ்சுது, புதுசு என்னட்டையே இருக்கு” என்று சொல்லி, விலையையும் ஒரு துண்டில் எழுதிக் கொடுத்துவிட்டார், ஒன்றரை இலட்சத்துக்கு மேல். எனக்கு இதில்தான் கோபம். இந்த வகை எஞ்சினில் கயிறு இழுக்கும்போது கை நோகாமல் இருப்பதற்காகக் காம் சாப்ட்டில் (வால்வுகளைத் திறக்கிற தண்டு) ஒரு சின்னப் பொறி வைத்திருக்கிறார்கள், மெதுவாகச் சுற்றும்போது அது புகை வால்வைக் கொஞ்சம் தூக்கிப் பிடிக்கும். புத்தம்புதிய எஞ்சினையும் கயிறு இழுத்தால் இலேசாகத்தான் இருக்கும். அமுக்கம் பார்க்கிற மீற்றரைப் பூட்டினாலும் இதே காரணத்தால் குறைத்துத்தான் காட்டும். கைப்பிடியில் கயிற்றை இழுத்து எஞ்சினுக்கு மரணச் சான்றிதழ் எழுதுகிறவர்களிடம் ஒன்றரை இலட்சத்தைக் கொடுக்க நான் கையெழுத்துப் போட மாட்டேன் என்றேன்.

நீலப் புகை என்றால் உடனே றிங் என்று முடிவு கட்டவும் கூடாது. 2019 இல் ஒருமுறை இப்படிப் புகைத்து ஊரே பயந்தது. கடைசியில் பார்த்தால் பிளேட் கழுவுவதற்காகப் பிள்ளைகள் மிசினைப் பிழையான பக்கம் சரித்திருக்கிறார்கள், ஒயில் வழிந்து காற்று வடிகட்டிக்குள்ளும் காபுரேற்றருக்குள்ளும் போய்விட்டது. பிளக் வானத்தைப் பார்க்கச் சரிக்க வேண்டும், அல்லது காபுரேற்றர் மேலே வரும் பக்கம். ஒயில் கூடினாலும் புகைக்கும், மூச்சுக்குழாய் அடைத்தாலும் புகைக்கும். பற்றவைக்கும்போது மட்டும் ஒரு கொத்துப் புகை வந்து நின்றுவிட்டால் பெரும்பாலும் வால்வ்ப் பக்கம். வெட்ட வெட்ட விடாமல் புகைத்தால்தான் றிங் மேல் சந்தேகப்பட வேண்டும். எங்களுடையது விடாமல் புகைத்தது.

அப்புறம் மிசினை வீதியில் இருக்கும் ரயர் கடைக்குக் கொண்டுபோனோம். சிரிக்காதீர்கள், அங்கேதான் கொம்பிரசர் இருக்கிறது. கடைக்கார ஐயா அப்பாவைத் தெரிந்தவர், “என்ன பிள்ளை, புல்லு மிசினுக்கும் காத்தடிக்கப் போறியோ” என்றார். ஓம், அதேதான். முதலில் பிளேட்டைக் கழற்றி வைத்தோம், காற்று அடித்தால் எஞ்சின் சுழலும், பிளேட் பூட்டியிருந்தால் காலைக் கொண்டுபோய்விடும். பழைய பிளக் ஒன்றின் பீங்கானை உடைத்து எடுத்துவிட்டு அதற்குள் ரயர் வால்வ் ஒன்றை வெல்டிங் வைத்துத் தந்தார். பிஸ்ரனை மேலே கொண்டுவந்து, இரண்டு வால்வும் மூடியிருக்கும் இடம் பார்த்து, ஒரு பெடியன் கிறாங் (பிஸ்ரன் சுழற்றுகிற தண்டு) நட்டில் சாவியைப் போட்டு அசையாமல் பிடித்துக்கொள்ள, 30 றாத்தல் காற்று விட்டோம். நான் குனிந்து காதை வைத்தேன். காபுரேற்றர்ப் பக்கம் சத்தம் இல்லை, உள் வால்வ் நல்லாக இருக்கிறது. சைலன்சருக்குள் மெல்லிய சீறல், புகை வால்வ் கொஞ்சம் விடுகிறது. ஒயில் கம்பி போகிற துவாரத்தில் காதை வைத்தால் பாம்பு சீறுகிற மாதிரி. கையை வைத்துப் பார்த்தேன், ஒயில் மணத்தோடு சூடில்லாத காற்று விரலில் அடித்தது. அப்போ றிங்தான், அல்லது போர், அதாவது பிஸ்ரன் ஓடுகிற உருளையின் உட்சுவர். இரண்டில் எது என்பதில்தான் காசு தங்கியிருக்கிறது. றிங் மட்டும் என்றால் சின்னச் செலவு. போர் தேய்ந்திருந்தால் லேத்துக்குக் கொண்டுபோய்க் கடைந்து, 0.25 மில்லிமீற்றர் பெரிய பிஸ்ரன் தேடி அலைய வேண்டும்.

திறந்தோம். முதலில் ரயர் கடை ஐயா பழைய ரேடியோ ஸ்பீக்கரின் காந்தத்தைப் போரில் ஒட்டிப் பார்த்தார், ஒட்டியது, உள்ளே வார்ப்பிரும்புச் சிலீவ். மலிவான சில எஞ்சின்களில் வெறும் அலுமினியம்தான் போராக இருக்கும், அது தேய்ந்தால் கடைந்து கட்டாது. காற்று வடிகட்டியின் பின்பக்கக் குழாயை விரலால் துடைத்தேன், செம்மண் தூசி. கடதாசி கிழிந்த வடிகட்டியை யாரோ திரும்பவும் அப்படியே பூட்டியிருக்கிறார்கள். ஒயில் மெலிந்ததும் இந்தத் தூசியும் சேர்ந்து றிங்கை அரம் போட்ட மாதிரி அராவியிருக்கிறது.

இனி போரை அளக்க வேண்டும். போர் கேஜ் எங்களிடம் இல்லை, அப்பாவிடமும் இருந்ததில்லை. அவர் செய்கிற வேலை இது: புது றிங் ஒன்றைப் போருக்குள் விட்டு, பிஸ்ரனைக் கவிழ்த்து அதால் நேராகக் கீழே தள்ளி, றிங் ஓடாத அடிப்பக்கத்தில் வைத்து அதன் இரண்டு முனைக்கும் இடையில் பீலர் கேஜை விட்டுப் பார்ப்பார். பிறகு அதே றிங்கை மேலே, தேய்மானம் கூடின இடத்துக்குக் கொண்டுவந்து திரும்பப் பார்ப்பார். எங்களுக்குக் கீழே 0.35, மேலே 0.60. இடைவெளி 0.25 கூடியிருக்கிறது, அதை 3.14 ஆல் பிரித்தால் விட்டம் எவ்வளவு கூடியது என்று வரும், 0.08 மில்லிமீற்றர். 68 மில்லிமீற்றர்ப் போர் 68.165 வரைக்கும் போகலாம் என்று இந்த அளவு ஹொண்டாவுக்கு எல்லை சொல்லியிருக்கிறார்கள். நாங்கள் பாதித் தூரத்தில்தான் நிற்கிறோம்! பழைய றிங்கை அதே அடிப்பக்கத்தில் வைத்தால் 1.2, அதற்கு எல்லை 1 மில்லிமீற்றர். றிங் போய்விட்டது, போர் நல்லாக இருக்கிறது. செயலாளர் கைபேசியில் கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டுத் திரும்பவும் போட்டுப் பார்த்தார்.

பிஸ்ரனைக் கிறாங்கோடு இணைக்கிற கொனக்ரிங் றொட்டையும் ஆட்டிப் பார்த்தோம், மேல்கீழ் ஆட்டம் இல்லை. இதில் தனியாகப் பெயாரிங் கிடையாது, அலுமினிய றொட் நேரே கிறாங்கில்தான் ஓடும், அங்கே வரி விழுந்திருந்தால் செலவு கூடி என் முடிவும் மாறியிருக்கும்.

றிங் வாங்குவதிலும் ஒரு கூத்து. “68 எண்டால் 68 தானே, பம்பி றிங்கும் இதுவும் ஒண்டு” என்று ஒரு கடையில் தந்தார்கள். சுற்றளவு சரி, தடிப்புச் சரியில்லை, பிஸ்ரன் பள்ளத்துக்குள் இறுகியது. திருப்பிக் கொடுக்க அரை நாள். பழைய பிஸ்ரனைக் கையோடு கொண்டுபோங்கள், கடை வாசலிலேயே போட்டுப் பாருங்கள்.

மிச்ச வேலை இரண்டு நாள். போரின் மினுக்கத்தைப் போக்க எமரித் துணியை மண்ணெண்ணெயில் நனைத்து ஒன்றையொன்று வெட்டுகிற சாய்வுக் கோடுகள் விழும்படி கையால் தேய்த்தோம் (மண்ணெண்ணெய்க்கு இதுதான் சரியான இடம்). பிறகு சுடுதண்ணியும் சவர்க்காரமும் போட்டுக் கழுவ வேண்டும், பெற்றோலால் கழுவினால் எமரித்தூள் போகாது, வெள்ளைச் சீலையால் துடைத்து அது வெள்ளையாகவே வரும் வரைக்கும் கழுவ வேண்டும், துடைத்த உடனே ஒயில் பூச வேண்டும். புகை வால்வை அரைக்கும் பசை போட்டு இருத்தினோம். வால்வ் இடைவெளி உள்ளே 0.15, வெளியே 0.20, தையல் பெட்டிக் கேஜ்தான். றிங், கஸ்கற் செற், வடிகட்டி, பிளக், ஒயில், ரயர் கடை ஐயாவின் கூலி எல்லாம் சேர்த்து 18,450 ரூபா. முதல் ஐந்து மணித்தியாலம் ஓடியதும் ஒயிலை வடித்தேன், வெயிலில் பிடித்தால் வெள்ளி மினுங்கியது, புது றிங் இருந்துகொள்ளும்போது அப்படித்தான். இரண்டாம் தரம் வடித்தபோது மினுக்கம் இல்லை. புகையும் இல்லை.

இதை வாசித்துவிட்டு எல்லாவற்றையும் திருத்து என்று சொல்லுகிறேன் என்று நினைக்க வேண்டாம். எங்கள் கதை காதில் விழுந்து பக்கத்து ஊர்த் தேவாலயத்துச் சுவாமி தங்கள் மிசினையும் அனுப்பினார். அதற்கு எஞ்சின் நல்ல அமுக்கம், சீறல் எங்கேயும் இல்லை. ஆனால் போன வருசம் புல்லுக்குள் கிடந்த இரும்புத் துண்டில் பிளேட் மோதியிருக்கிறது. எங்கட மண்ணில் இரும்புக்குப் பஞ்சமில்லை. இந்த மிசின்களில் பிளேட் நேரே கிறாங்கின் நுனியில்தான் பூட்டியிருக்கும், அடி விழுந்தால் அது கிறாங்குக்குத்தான். பிளக்கைக் கழற்றிவிட்டுக் கையால் சுற்றிப் பார்த்தோம், கிறாங்கின் நுனி வட்டம் போடுகிறது, தலையாட்டிப் பொம்மை மாதிரி. கிறாங் வளைந்துவிட்டது. நிமிர்த்தலாம் என்று சொல்லுகிற பட்டறைகள் உண்டு, நான் நம்பவில்லை, நிமிர்த்தின இரும்பு எந்த நேரம் முறியும் என்று தெரியாது, முறிந்தால் பிளேட் பறக்கும். புதுக் கிறாங், சீல், கூலி எல்லாம் பார்த்தால் புது மிசின் விலையில் பாதியைத் தாண்டியது. “சுவாமி, இதை விட்டிடுங்கோ, காபுரேற்றரையும் கொயிலையும் கழற்றி வையுங்கோ, ஆருக்கும் உதவும்” என்றேன். என் கணக்கு இது: திருத்தும் செலவு புது மிசின் விலையில் மூன்றில் ஒரு பங்கு என்றால் யோசிக்காமல் திருத்து, பாதியைத் தாண்டினால் விடு. நடுவில் நின்றால் எஞ்சினின் வயதையும் அதை ஓட்டப்போகிற பெடியன்களையும் பார்த்து முடிவு எடுக்கலாம்.

தோளில் மாட்டுகிற மிசினைப் பற்றி ஒரு வசனம்: வரம்புக்கும் வேலிக்கரைக்கும் அது நல்லது, திடலுக்கு ஆகாது, மேடும் பள்ளமுமாக வெட்டும், கல்லை எறியும்.

கடைசியாக ஒரு வேண்டுகோள், இதற்காகத்தான் உங்கள் பத்திரிகைக்கு எழுதுகிறேன். கிளிநொச்சி அறிவியல்நகரில் இலங்கை ஜேர்மன் பயிற்சி நிறுவகம் இருக்கிறது, எங்கட பிள்ளைகள் அங்கே மோட்டார் வாகனத் தொழில்நுட்பம் படிக்கிறார்கள், அதற்குப் பக்கத்திலேயே யாழ். பல்கலைக்கழகத்தின் பொறியியல் பீடம். எனக்குத் தையல் பெட்டிக் கேஜ் போதும், ஆனால் எல்லா ஊருக்கும் அது கிடைக்காது. மாதத்தில் ஒரு சனிக்கிழமை, பாடசாலைகள், கோயில்கள், சனசமூக நிலையங்களின் மிசின்களை மாணவர்கள் திறந்து அளந்து, திருத்தலாம் அல்லது விடலாம் என்று ஒரு துண்டு எழுதித் தந்தால் அவர்களுக்கும் பழக்கம், எங்களுக்கும் ஒரு நேர்மையான பதில். விற்கிறவரிடமே போய் ‘இது செத்ததோ’ என்று கேட்கிற நிலைமை எங்களுக்கு இருக்காது. பொறுப்பானவர்கள் யாராவது இதை வாசித்தால் யோசிக்கட்டும்.

கடிதம் எழுதிய அந்த அன்பருக்கு: உங்கள் ஊர் மிசின் இன்னும் கொட்டிலுக்குள் கிடந்தால் ஏற்றிக்கொண்டு வாருங்கள். ரயர் கடை வெள்ளிக்கிழமை பூட்டு, மற்ற நாளில் காலை எட்டு மணிக்குத் திறக்கும். பிளேட்டை வீட்டிலேயே கழற்றி வைத்துவிட்டு வாருங்கள், வரும்போது பிளக் மேலே பார்க்க ஏற்றுங்கள்.

இப்படிக்கு,
சனசமூக நிலையப் பொருளாளர்,
விசுவமடு.